கல்லுக்காணியும் களிக்காணியும்

அக்காவின் சமையலறையில் சீனிப் போத்தல் கிடையாது. ஆர் வந்தாலும் வெறும் தேத்தண்ணிதான். சீனி கேட்டால், "ஒருக்கா இப்பிடியே குடிச்சுப் பாருங்கோ. அது அதின்ரை ருசியிலை நிக்கட்டும்" என்பார். வந்தவர் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டார். சோறு சாப்பிடும்போதும் அப்படித்தான். பருப்பு ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம், சொதி கோப்பையில் தனியே. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. எல்லாவற்றையும் குழைத்து உருட்டிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதைப் பார்க்க முதலில் எரிச்சலாக இருந்தது. இந்த மனுசிக்கு என்ன பெருமை என்று நினைத்தேன். எனக்கும் பெருமை குறைவில்லாதபடியால் அது என் கண்ணில் உடனே பட்டிருக்கும்.

அவர் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற மல்வேர்னில் இன்றைக்கும் அவரைச் சாராயக்காரி என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். அக்கா என்றாலும் கூடப்பிறந்தவரில்லை; அவருடைய தோட்டத்தில் பதினொரு வருஷம் கூலிக்குக் குனிந்து நிமிர்ந்தவள் நான். அவரைப் பற்றிச் சொல்ல என்னை விட வேறு ஒருவருக்கும் உரிமை இல்லை.

தோட்டம் ரொறன்ரோவில் இல்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அங்கே நீளமாக ஒரு கல்மேடு, பெரிய மதில் மாதிரிக் கிடக்கும். மேட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் அவர்களுடைய முந்திரிகைத் தோட்டம். முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. அக்காவும் புருஷனும் பக்ரறி வேலையை விட்டு அந்தத் தோட்டத்தை வாங்கினார்கள். இரண்டாவது பனிக்காலத்தில் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வித்துப்போட்டு வாங்கோ என்று சொல்லாத ஆளில்லை. அக்கா விற்கவில்லை. மகள் தாயோடு அங்கேயே இருந்து வைன் வடிக்கிற வேலையைப் படித்துப் பார்த்துக்கொண்டாள். மூத்தவன் மகன். அவனுக்கு ரொறன்ரோவுக்கு அங்கால் விட்பியில் வீடு, பெண்சாதி, பிள்ளைகள். விடியப்புறம் வானை எடுத்துக்கொண்டு வந்து, மல்வேர்னில் எங்கள் ஐந்து பெண்களையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். பகல் முழுக்கத் தானும் வேலை செய்து, பின்னேரம் கொண்டுவந்து விடுவான். நல்ல பிள்ளை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டம் இரண்டு துண்டு. மேட்டின் காலடியில் இருந்தது கல்லுக்காணி. ஒரு முழம் மண், அதற்குக் கீழே பாளம் பாளமாகச் சுண்ணாம்புக்கல். ஏரிப் பக்கம் சரிவில் இருந்தது களிக்காணி. மழை பெய்தால் சப்பாத்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பாரமாகும். கல்லுக்காணியில் வேலை செய்த நாளில் முழங்கால் நோகும். களிக்காணியில் வேலை செய்த நாளில் இடுப்பு நோகும். வீட்டுக்குப் போய் எங்கே நோகிறது என்று பார்த்தால் அன்று எந்தக் காணியில் நின்றேன் என்று தெரிந்துவிடும்.

இரண்டிலும் ஒரே கறுத்தப் பழம். ஒரே இடத்தில் வாங்கிய கன்று, ஒரே கிழமையில் நட்டது. ஒரே வெயில், ஒரே மழை, எங்களுடைய அதே கைகள். ஆனால் பழம் வேறு. கல்லுக்காணிப் பழம் சின்னது, தோல் தடித்தது, வாயில் போட்டால் இனிப்போடு ஒரு புளிப்பும் வந்து நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும். களிக்காணிப் பழம் பெருத்துச் சதைப்பிடிப்பாக இருக்கும், மெல்ல மெல்லத்தான் பழுக்கும். வைனும் அப்படியே இரண்டு விதம் என்று வந்து குடிக்கிறவர்கள் சொல்வார்கள். மேலுள்ளது மெலிந்து நிமிர்ந்து நிற்குமாம், மழையில் நனைந்த கல்லை மணந்தது மாதிரி இருக்குமாம். கீழுள்ளது கறுத்துப் பாரமாக வாயில் தங்குமாம். நான் குடித்ததில்லை. குடிக்காதது பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

அக்காவைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இரண்டையும் கலந்து ஒரு வைனாக விட்டால் என்ன? ஒன்றின் குறையை மற்றது மூடும், வருஷா வருஷம் ஒரே ருசி வரும், விற்பதும் சுகம். மகனும் அதைத்தான் சொன்னான். அக்கா மாட்டேன் என்றார். நான் அங்கே நின்ற பதினொரு வருஷமும் அந்த வீட்டில் நடந்த சண்டை அது ஒன்றுதான்.

நான் போன முதல் வசந்தத்தில் ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமும் சிரிப்புமாக வருகிறது. எங்களைக் கல்லுக்காணியில் புல்லுப் பிடுங்க விட்டிருந்தார்கள். அக்கா முழங்காலை டொக்டரிடம் காட்ட ரொறன்ரோவுக்குப் போய், விட்பியில் மகனுடைய வீட்டில் மூன்று நாள் நின்றார். புல்லுப் பிடுங்கப் போனால் எங்கே பார்த்தாலும் கல். உள்ளங்கை அளவு, தலை அளவு, தட்டைக் கல், உருண்டைக் கல். ஐந்து பேரும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்கள். மண்ணில் கல்லைக் கண்டால் எங்கள் கை சும்மா இராது. கல்லைப் பொறுக்கி எல்லையில் போட்டால்தான் அது தோட்டம், இல்லாவிட்டால் தரிசு. ஒருவரும் சொல்லாமல் நாங்களாகவே தொடங்கினோம். வாளி வாளியாக அள்ளிக் கொண்டுபோய், வேலி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மதில் கட்டினோம். நான்தான் முன்னுக்கு நின்றேன். எட்டு வரிசை பளிங்கு மாதிரித் துப்புரவாகிவிட்டது.

அக்கா வந்தார். பார்த்தார். தடியை ஊன்றிக்கொண்டு வரிசையின் அந்தம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை அக்கா. நாங்களாத்தான் செய்தனாங்கள்" என்றேன். மெச்சுவார் என்று நின்றேன்.

"மதில் வடிவாக் கட்டியிருக்கிறியள்."

"ஓம் அக்கா."

"இனி வடிவா அவிட்டு, எடுத்த எடுத்த இடத்திலை போடுங்கோ."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அந்த மதிலிலேயே இருந்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. மூன்று நாள் இடுப்பொடிய வேலை செய்தவளைப் பார்த்துச் சிரிப்பதா?

"நான் போடமாட்டன். தோட்டம் எண்டா என்னெண்டு எங்களுக்கும் தெரியும். நாளைக்கு வேறை ஆளைப் பாருங்கோ" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "வேலை முடிஞ்சு போகேக்கை என்னட்டை வந்திட்டுப் போ பிள்ளை" என்றார்.

வெயில் இறங்கியதும் போனேன். துப்புரவாக்கிய வரிசையில் என் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. பிறகு நாங்கள் தொடாத வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தட்டைக் கல்லில் வைத்தார். சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடி மாதிரி இதமான சூடு.

"உதுகள் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வைச்சிருந்து, பொழுதுபட்டாப் பிறகு கொடிக்குக் குடுக்குதுகள். இந்தக் குளிர் நாட்டிலை என்ரை பழம் பழுக்கிறது உதுகளாலை. மழைத் தண்ணியையும் நிக்க விடாமல் கீழை அனுப்புதுகள். நீ கல்லை எடுத்தால் கல்லுக்காணியின்ரை ருசியை எடுத்துப்போட்டாய். விளங்குதே?"

விளங்கியது. அடுத்த நாள் நானும் போட்டேன். அக்காவும் அந்த முழங்காலோடு வாளி தூக்கினார். அவர் கூடத் தூக்கியபடியால்தான் நான் போட்டேன். இல்லாவிட்டால் விளங்கியும் போட்டிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது என்று ஒருநாள் கேட்டேன். "குழி" என்றார். புருஷன் செத்து மூன்றாம் மாதம், ஊர் முழுக்க வில் வில் என்று கத்தும்போது, மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் பிடித்து ஒவ்வொரு காணியிலும் ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு குழி தோண்டுவித்தாராம். புருஷன் செத்ததோடு விசர் பிடித்துவிட்டது, தனக்கும் ஒரு குழி தோண்டுகிறாள் என்று மல்வேர்னில் கதைத்தார்கள். அந்தக் கதை அப்போதே என் காதுக்கும் வந்தது. வேலைக்குப் போன பிறகுதான் குழியைக் கண்டேன். மூடாமல், மேலே பலகை போட்டு ஏணியும் வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களை, வெள்ளைக்காரரோ தமிழரோ, முதலில் அதற்குள்தான் இறக்குவார். கல்லுக்காணிக் குழியில் கொடியின் வேர் கல்வெடிப்புக்குள் தலைமயிர் மாதிரி நுழைந்து போயிருக்கும். எவ்வளவு ஆழத்துக்கு என்று கண்ணால் பார்க்க முடியாது. களிக்காணிக் குழியில் சுவரெல்லாம் கசியும். வேர் கொஞ்சத் தூரம் இறங்கி, முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். "மேலை நிக்கிற கொடி தண்ணி தேடி அலையுது. கீழை நிக்கிறது தண்ணிக்குள்ளை நிண்டு மூச்சுத் தேடுது. ரெண்டு பேற்றை கதையும் ஒண்டாகுமே?" என்று கேட்பார்.

வைன் வடிக்கிற கட்டடத்துக்குள்ளே, வைன் நிறைத்த தாங்கிகளில் எந்தக் காணி என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு அது வாசிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அக்கா ஜாம் போத்தல்களில் ஒன்றில் கல்லும் ஒன்றில் களியும் போட்டு அந்தந்தத் தாங்கிக்கு மேலே வைத்தார். எனக்காக என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ருசி பார்க்கும்போது ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பிவிடுவார். ஒரு துளி உள்ளே போகாது. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவர், விரதம் தவறாதவர். இதை மல்வேர்னில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஒரு பெரிய தட்டு நிறைய முந்திரிகைப்பழம் கொண்டுவந்தார். அது பக்ரறிக் கட்டடம் ஒன்றுக்குள் இருந்த சின்னக் கோயில். அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு மூப்பாக நின்ற ஒரு மனுசி தட்டைக் கண்டதும் கையைக் காட்டினாள்.

"அதை உள்ளை கொண்டராதேங்கோ. சாராயத் தோட்டத்துப் பழம் சாமிக்கு வேண்டாம்."

அக்கா தட்டைக் கையை விட்டு இறக்கவில்லை.

"சரி. என்ரை பழம் வேண்டாமெண்டால் வேண்டாம். நான் சண்டைக்கு வரேல்லை. ஆனால் ஒரு கேள்வி. உங்கடை மனுசன்மார் இப்ப பார்க்கிங்கிலை கார் டிக்கியைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கினம். அந்தப் போத்தலுக்கு ஆர் தீட்டுக் கழிக்கிறது?"

பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூப்புக்காரி முகம் சிவந்து, "நாங்கள் ஒண்டைச் சொன்னால் நீர் ஒண்டைச் சொல்லுறீர்" என்றாள்.

"ஓம். நீங்கள் சொன்னது உங்கடை கதை. நான் சொன்னது என்ரை கதை. ரெண்டும் கிடக்கட்டும்."

தட்டை எடுத்துக்கொண்டு போய், செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு கதிரை போட்டு, அதற்கு மேலே வைத்தார். பூசை முடிய முந்தியே பிள்ளைகள் காம்பை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஊரை எதிர்த்து நின்றார் என்று இதைச் சொல்லலாம். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாய் என் வீட்டு வாசலுக்கும் வந்தது. அப்போது சந்தோஷமாக இருக்கவில்லை.

என் மனுசனுடைய திவசம். மல்வேர்னில் எங்கள் வீட்டு முன்னறை நிறையச் சனம். அக்காவும் வந்திருந்தார். சாப்பிட்டபடி எல்லாரும் என் மனுசனைப் புகழ்ந்தார்கள். தங்கமான மனுசன், ஆருக்கு என்ன துன்பமென்றாலும் ஓடிப்போய் நிற்கிறவர், புதிதாக வந்த எத்தனை பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். எல்லாம் உண்மை. அக்கா வடையை வடையாகவும் சம்பலைச் சம்பலாகவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து சொன்னார்.

"ஓம். ஊருக்கு நல்ல மனுசன். பெண்டிலுக்குக் கை நீட்டினவர். ரெண்டும் அவர்தான்."

கொடிகளுக்கு நடுவில் நான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்ன விஷயம் அது. அக்காவுக்கு மட்டும் சொன்னது. நான் எழும்பிக் குசினிக்குள் போய், எல்லாரும் போகும்வரை வெளியில் வரவில்லை.

மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை. மகன் காலையில் வானை வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பான். நான் யன்னல் சீலையை விலக்க மாட்டேன். அக்கா ஒருமுறையும் ஃபோன் எடுத்து ஏனென்று கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கடைசியில் நானே போனேன், சண்டை பிடிக்கவென்று. அவர் களிக்காணியில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்?"

"பொய்யோ?"

"பொய்யில்லை. ஆனால் அது என்ரை கதை. நான் விரும்பினாத்தான் சொல்லுவன்."

கட்டுகிற கை நின்றது. "அது சரி" என்றார். "உன்ரை கதையை நான் எடுத்துச் சொன்னது பிழை. அது பிழைதான். ஆனால் நல்லதையும் கெட்டதையும் கலந்து கலந்து, என்னெண்டே தெரியாத ஒரு தண்ணியாக்கிக் குடிச்சுக்கொண்டிருக்கிறாய் பிள்ளை. உதவினதை உதவினதெண்டு வை. அடிச்சதை அடிச்சதெண்டு வை. ஒண்டைக் கொண்டு மற்றதை மூடாதை."

அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் என் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்று நாற்பது வருஷம் சொல்லி வந்தேன். அதற்குப் பிறகு ஆர் கேட்டாலும் உண்மையைச் சொன்னேன். என் பிள்ளைகளுக்கும் சொன்னேன்.

இனி அந்த மழை வருஷத்துக்கு வருகிறேன். பழம் பறிக்கிற நேரம் பார்த்து மூன்று கிழமை விடாமல் கொட்டியது. கல்லுக்காணி தண்ணியைக் கீழே விட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றது. களிக்காணியில் பழம் தண்ணி குடித்து ஊதிவிட்டது. வெடித்ததைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தைத்தான் வடித்தார்கள். பனிக்காலம் முழுக்க இரண்டும் தனித்தனித் தாங்கியில் கிடந்தன. மேல்காணியான கல்லுக்காணி வைன் நன்றாக வந்தது. கீழ்க்காணியான களிக்காணி வைன் மெல்லிசு. அக்காவே அப்படித்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் மகன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரொறன்ரோவில் கலியாண மண்டபங்கள் நடத்துகிற தமிழர். கோட்டுப் போட்டவர், மரியாதையானவர். இந்த வருஷத்து வைனை முழுவதுமாக எடுப்பார், அடுத்தடுத்த வருஷமும் எடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டையும் கலந்து ஒரே வைனாகத் தரவேண்டும்.

"போன வருஷக் கலியாணத்துக்கு வந்தவையும் இந்த வருஷக் கலியாணத்துக்கு வந்தவையும் ஒரே ருசி குடிக்கவேணும் அன்ரி" என்றார் அவர்.

"ரெண்டு கலியாணத்துக்கும் ஒரே பொம்பிளையோ தம்பி?" என்று கேட்டார் அக்கா.

மண்டபக்காரர் சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு இரண்டு நாள் தாயும் மகனும் பேசினார்கள். மகன் பேசினான், தாய் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். அக்கா வாய் திறக்காதபடியால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பங்குனி மாதம், பனி கரைந்துகொண்டிருந்தது. மற்ற நாலு பெண்களும் வெளியில் கொடி வெட்டிக்கொண்டு நின்றார்கள். குழாய் கழுவவென்று என்னை உள்ளே கூப்பிட்டிருந்தான் மகன். மேல்காணித் தாங்கியில் பூட்டிய குழாய் பம்ப் வழியாக வந்து என் காலடியில் கிடந்தது. அதன் மற்ற முனையைக் கீழ்க்காணித் தாங்கியில் பூட்டி, பம்பைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மகள் பம்பின் சுவிச்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அக்கா ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். கீழ்க்காணித் தாங்கியின் வாய்க்கு முன்னால் போட்டு, முதுகைத் தாங்கியில் சாய்த்து இருந்துகொண்டார். மடியில் உள்ளிப்பூடு. உரிக்கத் தொடங்கினார்.

"அம்மா, எழும்புங்கோ. லொறி பத்து மணிக்கு வந்திடும்."

"வரட்டும்."

"முந்தநாள் பேசி முடிச்ச விஷயம்."

"நீ பேசினாய். நான் கேட்டனான். ரெண்டும் ஒண்டில்லை."

"கீழ்க்காணி இந்த வருஷம் தண்ணியா இருக்கம்மா. நீங்களே சொன்னனீங்கள். மேல்காணியோடை சேர்த்தால் தப்பிடும்."

"இந்த வருஷம் மழை. மழை பெய்ததெண்டு அது சொல்லுது. சொல்ல விடு."

"ஆருக்கம்மா சொல்லுது? வாங்கிறவனுக்கு ருசி வேணும். கதை வேண்டாம்."

அக்கா ஒரு உள்ளிப் பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். "நீயும் தங்கச்சியும் ஒரு வயித்திலை வந்த பிள்ளையள். ஒரே சோறு, ஒரே வீடு. அவள் கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டமாட்டாள். நீ கேட்டாலும் கதைக்கமாட்டாய். சேர்த்துக் கலக்கி நடுவிலை ஒரு பிள்ளையா எடுப்பமெண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை."

மகள் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க. மகன் கதவைப் பார்த்தபடி நின்றான். இடுப்புக்குப் பட்டி கட்டியிருந்தான். களிக்காணியில் வாங்கின நோ அது.

"நான் தோத்துப் போகேல்லை அம்மா. களைச்சுப் போனன்."

அக்காவின் கை நின்றது. "தெரியும் தம்பி. வீட்டை போய்க் கிட. ஒரு மாசம் கிட. நாங்கள் பாப்பம். ஆனால் உன்ரை களைப்புக்கு இது மருந்தில்லை. நான் எழும்பமாட்டன்."

கீழ்க்காணித் தாங்கிக்குப் பின்னாலும் ஒரு வாய் இருந்தது. குழாய் பாரம். அவனுடைய இடுப்புக்கு இழுக்க ஏலாது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"அன்ரி, அந்தக் குழாயைப் பின்பக்கத்தாலை ஒருக்கா இழுங்கோ."

அத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை என்னை ஒரு சொல் தாழ்த்திச் சொன்னதில்லை. பனியில் வழுக்கும் என்று கையைப் பிடித்து வானில் ஏற்றினவன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளியைத்தான் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"அன்ரி?"

"ஏலாது தம்பி."

"கை நோகுதோ?"

"இல்லை ராசா. கை நல்லாத்தான் இருக்கு. இழுக்க மாட்டன்."

அவன் முகம் ஒருமாதிரிப் போனது. தாய் மறித்தது அவனுக்குப் புதிதில்லை. நான் மறிப்பேன் என்று அவன் எண்ணவில்லை.

"அப்ப நாளையிலை இருந்து என்ரை வானிலை ஏறாதேங்கோ."

"சரி தம்பி."

மகள் குனிந்து பம்பின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள். கழற்றி, சுருட்டி, கையில் வைத்துக்கொண்டாள். லொறி பத்து மணிக்குச் சொன்னபடி வந்தது. மகனே வெளியில் போய்க் கதைத்து அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பினான். அந்த வருஷத்து வைன் இரண்டும் இரண்டாகவே போத்தலுக்குப் போயின. கீழ்க்காணியினுடையது மெல்லிசாகவே போனது. வாங்கினவர்கள் குறைவு. மண்டபக்காரர் பிறகு வரவில்லை. மகன் நேரத்துக்கு வந்தான், வேலையைச் செய்தான், மூன்று மாதம் தாயோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அது அக்காவுக்கு எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரியும். நொந்தது என்று அவர் சொன்னார். செய்தது சரி என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் மற்ற நாலு பேரும் வானில் ஏறினார்கள். மகள் என்னைப் பஸ் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடக் காரை எடுத்தாள். அக்கா வாசல் வரை வந்தார். நன்றி கின்றி என்று ஒன்றும் இல்லை.

"நாளைக்கு எப்பிடி வருவாய் பிள்ளை?"

"பஸ் ஓடுதுதானே."

"மூண்டு பஸ் மாறவேணும்."

"மாறுவன்."

விடியப்புறம் மல்வேர்ன் பஸ் தரிப்பில் நின்றேன். நல்ல குளிர். வான் என்னைக் கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கை காட்டவில்லை. மூன்று பஸ் மாறி, கடைசித் தரிப்பிலிருந்து மகளுடைய காரில் போய் இறங்கும்போது நன்றாகப் பிந்திவிட்டது. அக்கா கல்லுக்காணி வாசலில் தடியோடு நின்றுகொண்டிருந்தார். பிந்தி வந்ததற்கு ஏசினார்.